பன்னிரண்டடி ஆகாது

1

போன வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருஷம் முடிந்தது. இந்த ஊர் வழக்கப்படி யாருக்குக் கொண்டாட்டமோ அவரேதான் அலுவலகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாமே வாங்கி, நாமே வெட்டி, நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் வாழ்த்துச் சொல்வதை நாமே பல்லைக் காட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இந்தக் கண்றாவியை வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறேன்.

காசல் நகரத்தை ஒட்டிய சின்ன ஊரில், வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் பிளான் போடும் அலுவலகம் எங்களுடையது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் இங்கே ஒரு தொழிற்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊரில் 'கேட்' படிப்பது என்கிறார்களே, அதுதான்.

நான் கேக் தட்டோடு நின்ற இடத்துக்கு எதிரே, ஜன்னலோரமாக ஒரு மேஜை சும்மா கிடக்கிறது. செப்டம்பரிலிருந்து அங்கே வானூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். பெயர் சங்கீதா. மூன்று வருஷம் சம்பளத்தோடு பயிற்சி, முடித்ததும் வேலை. பயிற்சிக்கு வருபவருக்கென்று வாங்கிய பெரிய திரைகூட இன்னும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கிறது. மேஜை மேல் பிரிண்டருக்கு வாங்கின காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் கேக் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். அவள் ஏன் வரவில்லை என்பதை ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு, வெளிநாட்டுக்குப் போனதும் வாய் நீண்டுவிட்டது என்று திட்டினாலும் சரி.

2

இந்த வருஷம் சித்திரை வெயிலில் ஊருக்கு வந்தேன். விழுப்புரத்தில் அக்கா வீட்டில் தங்கல். ஒருநாள் திண்டிவனத்திலிருந்து குணசேகரன் போன் செய்தான். பாலிடெக்னிக்கில் என்னோடு சிவில் படித்தவன். நான் கஷ்டப்பட்டு வரைந்த ஷீட்டை வாங்கிப்போய், கண்ணாடிக்கு அடியில் பல்பைப் போட்டு, மேலே தன் ஷீட்டை விரித்து அப்படியே கோடிழுத்துப் பாஸ் பண்ணினவன். இப்போது அவன் மாஸ்டர். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடை மாடியில் கேட் சென்டர் வைத்திருக்கிறான். பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு, சாயங்காலம் வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான்.

"இந்தா தமயந்தி, ஊர்ல தூங்கிக்கினு தான இருக்க. மூணு வாரம் வந்து நம்ம பசங்களுக்கு அந்த ஊரு டெக்னிக்க சொல்லிக் குடு. போர்டுல உன் போட்டோ போட்டுட்டேன்" என்றான்.

கேட்டுவிட்டுப் போடுவது என்ற பழக்கம் நம்மிடம் கிடையாது. மறுநாள் போய்ப் பார்த்தால் மெய்யாகவே பேனர் தொங்குகிறது. பாஸ்போர்ட் அளவுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி என் கன்னத்தை இரண்டு மடங்கு ஆக்கியிருந்தான்.

முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று கட்டளைகளை ஒப்பித்தார்கள். கோட்டுக்கு எல், வட்டத்துக்கு சி, அழிக்க ஈ. வாய்ப்பாடு மாதிரி ஒரே ராகத்தில் நூற்றுக்கு மேல் சொன்னார்கள். எதை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்டால் வாயைத் திறக்க ஆளில்லை. குணாவின் மேஜையில் ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. யார் ஜல்தியாக பிளானை முடிக்கிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். அதைத்தான் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

சங்கீதாதான் அந்த வகுப்பில் எல்லோரையும்விட வேகம். ஒல்லியான பெண், டிப்ளமோ முடித்தவள், வானூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. அவள் வரைந்த பிளானைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் மூலைகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை, மயிரிழை இடைவெளி. கேட்டதற்கு, "பிரிண்ட்ல தெரியாது மேடம்" என்றாள். சரி என்று ஒரு சுவரைப் பிடித்து ஓரடி தள்ளி வைத்தேன். சுவர் நகர்ந்தது, அளவுக்கோடும் நீண்டது. ஆனால் மேலே எழுதியிருந்த பத்தடி பத்தடியாகவே நின்றது.

"இது ஏன் மாறல?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "மேடம், அது நாங்க தட்டினது" என்றாள் சங்கீதா. "டைமன்ஷன் மேல ரெண்டு க்ளிக் பண்ணா உள்ள எழுத வுடும். நமக்கு இன்னா வேணுமோ அத தட்டிக்கலாம்."

"நிஜ அளவு எவ்வளவு?"

"ஒம்போதடி எட்டங்குலம்."

"அப்புறம் எதுக்குப் பத்து?"

"ஒம்போது ஆகாது மேடம்" என்றாள், ஜெர்மனியில் இருப்பவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி.

எனக்கும் தெரியும். மனையடி சாஸ்திரம். அறைக்குள் இத்தனை அடி வந்தால் செல்வம், இத்தனை வந்தால் சண்டை என்று காலண்டரின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கும். பத்து நல்லது, பதினொன்று நல்லது, பன்னிரண்டு ஆகாது. நம்புகிறவர்கள் நம்பிவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. பத்தடி வேண்டுமென்றால் சுவரைத் தள்ளிப் பத்தடியாக வரைய வேண்டியதுதானே! சுவரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே பத்து என்று எழுதினால் அதில் என்ன சாஸ்திரம் இருக்கிறது? சாமியையே ஏமாற்றுகிற வேலை.

குணாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அத்த வுடு தமயந்தி. காகிதத்துல பத்து இருந்தாதான் வூட்டுக்காரன் ஒத்துக்கிறான். சைட்ல மேஸ்திரி அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு."

மேஸ்திரி எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவார் என்பதைக் கோலியனூரில் என் சித்தி மகன் கட்டின புது வீட்டில் பார்த்தேன். காகிதத்தில் எழுதியிருந்தபடி எல்லா அறைகளையும் பத்தும் பதினொன்றுமாக விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் மிச்சம் இருந்த சந்தில் கக்கூஸை வைத்திருக்கிறார். கதவைத் திறந்தால் கோப்பையில் இடிக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டுமென்றால் முதலில் கோப்பை மேல் ஏறி நிற்க வேண்டும். சித்தி மகனுக்கு வருத்தமே இல்லை. ஹால் பதினாறடி வந்துவிட்டதாம். அந்தப் பிளானும் குணா கடையில் போட்டதுதான்.

3

அன்றிலிருந்து மூன்று வாரம் நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வேகம் என்பது விரலில் இல்லை. கதவை ஒருமுறை ஒழுங்காக வரைந்து வைத்துக்கொண்டால் நூறு வீட்டுக்கு அதையே எடுத்து வைக்கலாம். சுவர், கதவு, எழுத்து எல்லாவற்றையும் தனித்தனி அடுக்கில் வைத்தால் வேண்டாததை மறைத்துவிட்டு வேலை பார்க்கலாம். கோட்டை மூலையில் கவ்வ வைத்து வரைந்தால் பிறகு எதை நகர்த்தினாலும் அளவு தானாக மாறும். அளவைக் கையால் தொடவே கூடாது. தொட்டால் அந்தப் பிளான் செத்துப்போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று தினமும் காட்டுக்கத்தல் கத்தினேன். நடுநடுவே ஜெர்மன் வந்துவிடும். "கெனாவ்" என்பேன், அதாவது "அதேதான்". இரண்டாவது வாரத்தில் பிள்ளைகள் டீக்கடையில்கூட "கெனாவ் மேடம்" என்று கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்கீதா முதல் வாரம் முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க சொல்ற மாதிரி பண்ணா லேட்டாவுது மேடம்." ஆமாம், முதல் தடவை லேட்டாகும் என்றேன். பிறகு ஒருநாள் பிளானை முடித்த பிறகு எல்லோரையும் ஒரு சுவரை மாற்றச் சொன்னேன். மற்றவர்கள் ஒவ்வொரு அளவையும் தேடித்தேடி அழித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்து, "இத மொதல்லியே சொல்லி இருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாயிருக்கும்ல மேடம்" என்று என்னிடமே கோபப்பட்டாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்தது.

அவள் ஏற்கெனவே ஒரு வருஷமாகப் பாண்டிச்சேரிக்குப் போய் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வரைபடப் பிரிவின் தலைவி பிரிகிட்டேவிடம் சொன்னேன். ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம், பாஸ் பண்ணினால் எடுத்துக்கொள்கிறோம் என்றாள். வானூரிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு வழி திறந்தது. அது அந்த ஒரு சோதனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு நடுவில் காகிதம் ஒன்று கேட்டார்கள். டிப்ளமோவில் கேட் வகுப்பு மொத்தம் எத்தனை மணி நேரம் நடந்தது என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். விழுப்புரத்தில் அவள் படித்த கல்லூரி ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். மூன்று நாள் நாளைக்கு வா, நாளைக்கு வா என்றார்கள். நான்காம் நாள் அங்கிருந்த கிளார்க் சலித்துக்கொண்டு, "எவ்ளோ வேணும்னு நீங்களே சொல்லுங்க மேடம், போட்டுக் குடுத்துடறோம்" என்றார்.

"நிஜமா எவ்வளவு நடந்துச்சோ அதைப் போடுங்க."

"நடந்தது யாருக்கு மேடம் தெரியும்?" என்று அவர் சிரித்தார். பாடத்திட்டத்தில் இருக்கிற கணக்கைப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதுவும் நடந்ததல்ல. அந்தக் காகிதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினோம். அங்கே ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முத்திரை இருந்தால் போதும் அவர்களுக்கு.

4

சோதனை குணாவின் சென்டரில் நடந்தது. சங்கீதா வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. எனக்கும் பிரிகிட்டேவுக்கும் பழக்கம் என்பதால் நான் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று நிபந்தனை. கீழே மருந்துக் கடைக்குப் பக்கத்தில் பேக்கரியில் உட்கார்ந்துகொண்டேன். கையால் வரைந்த ஒரு சின்ன வீட்டின் படம் வரும். அதைப் பார்த்து முழு அளவுகளோடு பிளான் போட்டு, குறித்த நேரத்துக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும்.

நேரம் முடிவதற்கு முன்னாலேயே சங்கீதா இறங்கி வந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, ஆனால் சிரிப்பு. "எல்லாம் கரெக்டா வந்துச்சு மேடம். ஒண்ணைக்கூட தட்டல. கூட்டி கூட்டிப் பாத்துட்டேன்."

"அனுப்பிட்டியா?"

"மாஸ்டர் அனுப்பறாரு."

அந்தக் கடையில் அதுதான் வழக்கம். எந்தப் பிளானும் மாஸ்டர் கை படாமல் வெளியே போகாது. பிள்ளைகள் வரைந்து முடித்ததும் முன்மேஜையில் இருக்கிற அவன் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அவன் ஒரு பார்வை பார்த்து, எழுத்து அளவு, கோட்டின் தடிமன் எல்லாம் சரிசெய்து பிரிண்டுக்கு விடுவான். டச்சப் என்று பெயர். மேலே போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தேன். ஆனால் சோதனைக்கு வந்ததில் போய் எவனாவது கை வைப்பானா என்று நினைத்து இரண்டாவது டீ சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து பிரிகிட்டேவின் மெயில் வந்தது. பிளானில் ஓரிடத்தில் சிவப்பு வட்டம். எல்லா அளவும் சரி, கோடுகளும் சுத்தம். ஆனால் படுக்கை அறையின் அகலம் அவள் கொடுத்த படத்தில் மூன்று மீட்டர் அறுபத்து மூன்றரை சென்டிமீட்டர். வந்திருக்கும் பிளானில் மூன்று மீட்டர் முப்பத்தைந்து என்று எழுதியிருக்கிறது. கோடு சரியான இடத்தில் இருக்கிறது, எழுத்து மட்டும் பொய். நாளைக்கு வீடியோவில் பேச வேண்டும், அந்தப் பெண்ணும் இருக்கட்டும் என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை. மூன்று அறுபத்து மூன்றரை என்பது கிட்டத்தட்டப் பன்னிரண்டடி. மூன்று முப்பத்தைந்து என்பது பதினோரடி.

விழுப்புரத்திலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். குணாவின் சென்டரில் மெயிலைத் திறந்து காட்ட, சங்கீதா திரையைப் பார்த்தாள். "இது நான் போட்டது இல்ல மேடம்" என்று மெல்லச் சொன்னாள். இரண்டு பேரும் முன்மேஜையைத் திரும்பிப் பார்த்தோம்.

குணா எழுந்தே வந்தான். மறைக்கக்கூட இல்லை. "நான்தான் தட்டினேன். மொத மொத வெளிநாட்டுக்குப் போற பிளான், அதுவும் பொண்ணு பொழப்புக்காகப் போவுது. அத்தப் போயி பன்னண்டுல அனுப்பறதா? அதான் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்து பதினொன்னு பண்ணி வுட்டேன். நல்லதுக்குதான தமயந்தி."

நான் கத்தின கத்தலில் கீழே மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அறிவிருக்கிறதா உனக்கு, அடுத்தவள் பரீட்சைத் தாளில் கை வைக்கலாமா, அவள் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாயே என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவன் அசையவில்லை. "ஒரே ஒரு நம்பரு. அத்தப் போயி எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன்" என்றான். பிறகு சங்கீதாவைப் பார்த்து, "நீ எப்டியாச்சும் பேசி சமாளிச்சிக்கம்மா" என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளோடு நடந்தேன். நாளைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு, மாஸ்டர் மாற்றினார் என்று சொன்னால் முடிந்தது என்றேன்.

"சொல்ல மாட்டேன் மேடம்."

"பைத்தியமா நீ?"

"நீங்களும் சொல்லக் கூடாது. நீங்க சொன்னா நான் இல்லன்னு சொல்லிடுவேன்." பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

5

மறுநாள் வீடியோவுக்கு அவளுடைய அப்பாவும் வந்திருந்தார். பெயர் ஆறுமுகம், கட்டட வேலைக்குப் போகிறவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, குணா உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குணா எல்லோருக்கும் கூல்டிரிங்ஸ் வாங்கி வைத்திருந்தான். அவனுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. பிரிகிட்டே திரையில் தெரிந்ததும் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

பிரிகிட்டே நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். "இந்த அளவைத் தட்டியது யார்?"

"நான்தான்" என்றாள் சங்கீதா, ஜெர்மனில்.

"நீயேவா? வேறு யாரும் இல்லையா?"

"நான்தான்."

"ஏன்?"

"அந்த அறை நன்றாக இருக்க வேண்டும் என்று" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஜெர்மனில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பிரிகிட்டே ஏதோ எழுதிக்கொண்டாள். நன்றி சொன்னாள். தவறு செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் அளவைப் பொய்யாக எழுதுகிறவரை எடுக்க முடியாது என்று சாயங்காலம் மெயில் வந்தது. மூன்று வரி. கீழே அன்பான வாழ்த்துகளுடன் என்று வேறு.

செய்தியைச் சொன்னபோது ஆறுமுகம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் குணாவிடம் போய், "இவ்ளோ தூரம் நீங்க மெனக்கெட்டதே போதுங்க மாஸ்டர்" என்று கும்பிட்டார். குணாவும் பெருந்தன்மையாக, "அது கெடக்குதுப்பா, வேற நல்ல எடமா பாப்போம்" என்றான். கருமம், குருபக்தி என்றால் இப்படியா என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவனைக் கும்பிடுகிற அப்பன், கெடுத்துவிட்டு ஆசீர்வாதம் பண்ணுகிறவன், வாயைத் திறக்காத பெண். அன்றைக்கு பேனரில் இருந்த என் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கழற்றவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜெர்மனி திரும்பியதும் மகன் அதியனிடம் இதைச் சொன்னேன். பதினாறு வயது. நான் தமிழில் சொல்லச் சொல்ல, செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் ஜெர்மனில், "அப்படியானால் அவள் பொய் சொல்லியிருக்கிறாள். எடுக்காதது சரிதானே?" என்றான்.

"மாஸ்டரைக் காட்டிக்கொடுக்க மனசு வரலைடா."

"காட்டிக்கொடுப்பது இல்லை அம்மா, பதில் சொல்வது. கேட்டார்கள், பதில் சொல்ல வேண்டும்." தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்விட்டான். நான் பெற்ற பிள்ளைதான். ஆனால் அந்த நிமிஷம் பிரிகிட்டேவின் பிள்ளை மாதிரி இருந்தான். அவனை அறையலாம் போலிருந்தது. அவன் சொன்னதில் என்ன தப்பு என்று சொல்லவும் தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

6

இனி கேக் வெட்டிய நாளுக்கு வருகிறேன். எல்லோரும் தின்றுவிட்டு மேஜைக்குப் போன பிறகு, பிரிகிட்டே தட்டுகளை அடுக்க எனக்கு உதவி செய்தாள். காலி மேஜையைப் பார்த்தபடி, "அந்தப் பெண் நன்றாக வரைந்தாள்" என்றாள்.

நான் கேக் கத்தியைத் துடைத்தேன்.

"அவள் தட்டவில்லை என்று எனக்குத் தெரியும்" என்றாள். "பிளானோடு மூல ஃபைலையும் அனுப்பியிருந்தீர்களே. கடைசியாகச் சேமித்தவர் பெயர் அதிலேயே பதிந்திருந்தது. குண... ஏதோ நீளமான பெயர். அதனால்தான் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை, என் ஆசிரியர் மாற்றினார் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேன். இரண்டு தடவை கேட்டேன், நினைவிருக்கிறதா? முகத்துக்கு நேரே பொய் சொன்னாள். நாளைக்கு ஒரு கட்டடத்தில் தப்பு நடந்தாலும் இப்படித்தானே யாரையாவது காப்பாற்றுவாள்?"

தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். ஒரு பெண்ணைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னால் மாஸ்டரும் அப்பனும் நிற்கும்போது, விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். நேர்மையாம்! அந்தத் தட்டுகளை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து, அங்கிருந்தே சங்கீதாவுக்குப் போன் போட்டேன். சும்மா இருந்திருக்கலாம். ஆத்திரத்தில் கை நிற்கவில்லை.

"நீ மாஸ்டர் பேரைச் சொல்லி இருந்தா எடுத்து இருப்பாங்களாம். அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ கட்டளைகளை ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. அவள் இப்போது குணாவின் சென்டரிலேயே சொல்லிக்கொடுக்கிறாள்.

"இருங்க மேடம், வெளிய வர்றேன்" என்றாள். படி இறங்குகிற சத்தம். பிறகு, "எடுத்து இருப்பாங்கதான். எனக்கும் தோணுச்சு" என்றாள்.

"தோணியுமா அந்தாளைக் காப்பாத்தின? அப்படி என்ன மரியாதை உனக்கு அவன் மேல?"

"மரியாதையா?" சிரித்தாள். "எங்கப்பா எந்த சைட்ல வேலை செய்யறாருன்னு நெனைக்கிறீங்க? எல்லாமே மாஸ்டரு பிளான் போட்ட வூடுங்கதான் மேடம். இந்த ஆள வச்சிக்கன்னு மாஸ்டரு சொன்னா மேஸ்திரி வச்சிக்குவாரு. வேணாம்னா மறுநாளு நிறுத்திடுவாரு. எனக்கு விசா வர்றதுக்கு எத்தினி மாசம் ஆவும்னு சொன்னீங்க? அது வரிக்கும் எங்கப்பா எங்க போவாரு? எனக்கு அப்பால ரெண்டு தங்கச்சிங்க இருக்குது. ஜெர்மன்ல சொன்னாலும் மாஸ்டருக்கு அவரு பேரு காதுல விழும்ல? நான் பாட்டுக்கு சொல்லிட்டு பிளேன் ஏறிடுவேன். எங்கப்பா தினம் அந்தாளு எதிர்லதான மேடம் நிக்கணும்."

அன்றைக்கு ஆறுமுகம் சுவரோரமாக உட்காராமல் நின்றதையும் கும்பிட்டதையும் குருபக்தி என்று நினைத்து நான் பல்லைக் கடித்தேன். மாஸ்டரிடம் அவர் பெண்ணுக்காக நிற்கவில்லை, மறுநாள் வேலைக்காக நின்றிருக்கிறார்.

"இப்ப நீதான் டச்சப் பாக்கறியா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஆமா மேடம். மாஸ்டரு சைட்டுக்குப் போயிட்டா நான்தான்."

"பன்னண்டு வந்தா என்ன பண்றே?"

"பதினொன்னு தட்டறேன்" என்றாள். குரலில் ஒரு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "க்ளாஸுக்கு நேரமாவுது மேடம், வெச்சிடட்டுமா?"

நேற்று பிரிகிட்டேவிடமிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. அந்த மேஜையை இன்னொரு வருஷம் காலியாக வைத்திருக்க முடியாதாம். உங்கள் ஊரிலிருந்தே இன்னொரு பெண்ணைச் சொல்லுங்கள், இவ்வளவு திறமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டால் உண்மையைச் சொல்கிறவளாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாள். அப்பன் யாரிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியில்லாத வீட்டுப் பெண்ணாகப் பார்த்து அனுப்பு என்கிறாள், வேறென்ன. நான் பதில் போடவில்லை.